மாலை ஐந்து மணிக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஐந்தாண்டுத் திட்ட மதிப்பீடு, கடன் அட்டவணை, வரவு செலவு எல்லாம் என் கையில்தான். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் சொந்த வாழ்க்கையில் நாளைக் காலையைக்கூட என்னால் யோசிக்க முடிவதில்லை. பதினோரு வருடமாகக் குடிக்கிறேன். கடைசி நான்கு வருடம் தினமும். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சுமார் 350 மில்லி விஸ்கி தீர்கிறது. காலையில் கை லேசாக நடுங்கும், பிறகு சரியாகிவிடும். தினமும் காலையில் ‘இன்று தொடமாட்டேன்’ என்று மனைவியிடம் மனதாரத்தான் சொல்கிறேன். மாலையில் அந்த வார்த்தை நினைவிருக்கிறது, ஆனால் அதற்குக் கனமே இல்லாமல் போய்விடுகிறது. இப்போதெல்லாம் குடிப்பதில் பெரிய சந்தோஷமும் இல்லை. மனைவி என்னைப் பொய்யன் என்கிறாள். வரும் ஒன்றாம் தேதி முதல் ஒரேயடியாக நிறுத்தப்போகிறேன். இரண்டு வருடம் முன்பு அப்படி நிறுத்தியபோது தூக்கமே இல்லை, வியர்த்துக் கொட்டியது, இரண்டாம் இரவு சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தெரிந்தது. நான்காம் நாள் மறுபடி குடித்துவிட்டேன். இந்த முறை மனத்தைத் திசைதிருப்ப, வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாம் என்றும் எண்ணுகிறேன். எதிர்காலத்தை யோசிக்கும் சக்தியே என் மூளையில் போய்விட்டதா? அதைத் திரும்பப் பெற என்ன செய்வது?

பதில்: நீங்கள் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன், கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒன்றாம் தேதி வீட்டில் தனியாக, ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

350 மில்லி விஸ்கி, 40 சதவீதச் செறிவு என்றால், ஏறக்குறைய 110 கிராம் தூய ஆல்கஹால். ஆண்களுக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் போனால் அதை ‘மிக அதிக ஆபத்து’ என்ற வரிசையில் உலக சுகாதார நிறுவனம் வைக்கிறது. தினமும் இந்த அளவு உள்ளே போகும்போது, மூளை தன்னை அடக்கும் மதுவுக்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மதுவை நிறுத்தினால் அடக்குவது போய்விடுகிறது, கூட்டிய வேகம் மட்டும் நிற்கிறது. கடைசிக் கோப்பைக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் நான்காம் நாளுக்குள், ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்ற கடுமையான குழப்ப நிலை வரலாம்: ஆள் தெரியாது, இடம் தெரியாது, காய்ச்சல், இதயத் துடிப்பு ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் சுவரில் பார்த்த பூச்சி தூக்கக் கலக்கத்தில் வந்தது அல்ல, மது விலகலின், அதாவது மது நின்றதும் உடல் படும் பாட்டின், மாயக்காட்சி. ஒரு முறை அப்படி வந்தவருக்கு அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே உங்களுக்கு மருத்துவமனையில் தங்கி நிறுத்துவதே சரி. ஐந்து முதல் ஏழு நாட்கள் போதும். மூளையின் வேகத்தைத் தணிக்கும் டையசெபாம், லோரசெபாம் போன்ற மருந்து ஒன்றை முதலில் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. குளுக்கோஸ் ஏற்றுவதானால் அதற்கு முன்பாகவோ அதனுடனோ தயமின் போக வேண்டும், இல்லையேல் நினைவாற்றலை நிரந்தரமாகக் கெடுக்கும் மூளைப் பாதிப்பு வரக்கூடும். அந்த மாத்திரைகளை நீங்களே வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். மதுவும் அவையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம். மருத்துவரிடம் நான்கு விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: தினசரி அளவு, கடைசியாகக் குடித்த நேரம், அந்தப் பூச்சி தெரிந்த இரவு, இப்போது எடுத்துக்கொள்ளும் வேறு மருந்துகள். மருத்துவமனையில் இடம் கிடைக்கும்வரை திடீரென்று குடியை நிறுத்தவும் வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. எதிர்காலத்தை யோசிக்கும் சக்தி போகவில்லை. ஐந்தாண்டு மதிப்பீடு போடுபவருக்கு அது போயிருக்க முடியாது. கெட்டிருப்பது வேறொன்று. கையெட்டும் தூரத்தில் ஒரு பரிசு இருக்கும்போது, தூரத்தில் உள்ளதற்கு நீங்கள் போடும் மதிப்பு அளவுக்கு மீறிச் சரிகிறது. நீங்கள் கணக்குக்காரர், அதனால் கணக்காகவே காட்டுகிறேன்.

தாமதமாக வரும் எதையும் மனித மனம் கழிவு போட்டுத்தான் பார்க்கிறது. அந்தக் கழிவு வங்கி வட்டிபோல ஒரே விகிதத்தில் போவதில்லை. 1987இல் உளவியலாளர் ஜேம்ஸ் மேஸர் தந்த சமன்பாடு மனிதர்களின் தேர்வுகளோடு நன்றாகப் பொருந்துகிறது: இப்போதைய மதிப்பு = முழு மதிப்பு ÷ (1 + க × காத்திருப்பு). ‘க’ என்பது அவசரத்தின் அளவு. அது கூடக் கூட, காத்திருப்பு வேகமாக மதிப்பைத் தின்னும்.

இரவு எட்டு மணிக் குடிக்கு 40 மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தெளிந்த தலையோடும் மனைவியின் நம்பிக்கையோடும் எழுவதற்கு 100. ‘க’ மணிக்கு 0.2. முதல் நாள் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். குடி 12 மணி நேரம் தள்ளி இருக்கிறது: 40 ÷ 3.4, அதாவது 11.8. நல்ல காலை 24 மணி நேரம் தள்ளி: 100 ÷ 5.8, அதாவது 17.2. காலை ஜெயிக்கிறது. நீங்கள் மனைவியிடம் சொல்லும் சொல் உண்மைதான், பொய் இல்லை. இரவு எட்டு மணிக்கு அதே கணக்கு: குடி கையில், முழு 40. நல்ல காலை இன்னும் 12 மணி நேரம் தள்ளி: 100 ÷ 3.4, வெறும் 29.4. குடி ஜெயிக்கிறது. இடையில் புதிதாக எந்தத் தகவலும் வரவில்லை, நீங்கள் எதையும் மறக்கவும் இல்லை. தூரம் மட்டும் மாறியது. இரண்டும் சமமாகும் நேரத்தையும் கண்டுபிடிக்கலாம்: மாலை ஐந்து மணி. அப்போது இரண்டுக்கும் 25. அதற்குப் பிறகு எடுக்கும் எந்த முடிவும் குடியின் பக்கம் சாயும். எண்கள் நான் வைத்தவை. உங்கள் சமநேரம் ஐந்தரையாகவோ ஏழாகவோ இருக்கலாம், ஒரு வாரம் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் உங்களைப் போன்ற நிலையில் இருப்பவருக்கு அப்படி ஒரு நேரம் உண்டு.

‘க’ பாதியாகக் குறைந்து 0.1 ஆனால் என்ன ஆகும்? இரவு எட்டு மணிக்கு நல்ல காலையின் மதிப்பு 100 ÷ 2.2, அதாவது 45.5. குடி கையருகில் இருந்தும் தோற்கிறது. குடிக்காதவரும் எதிர்காலத்துக்குக் கழிவு போடத்தான் செய்கிறார். அவருடைய ‘க’ குறைவு, அவ்வளவுதான். அலுவலகத்தில் நீங்கள் திறமையாக இருப்பதற்கும் இதுவே விடை. நிறுவனத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தில், இன்று மாலை உங்கள் கைக்கு எட்டும் பரிசு எதுவும் போட்டியில் இல்லை.

இந்தச் சரிவு மதுவுக்கு மட்டும் உரியதல்ல. ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை), புகையிலை, கொக்கெய்ன், சூதாட்டம் எல்லாவற்றிலும் பார்க்கப்பட்டிருக்கிறது. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒருவர் தூங்கி எழுந்து தன் எதிர்காலத்தை நினைப்பதாக ஒரு கதையின் முதல் வரியைக் கொடுத்து, மீதியைச் சொல்லச் சொன்னார்கள். போதைப்பழக்கம் இல்லாதவர்கள் சொன்ன எதிர்காலம் சராசரியாக 4.7 ஆண்டுகள் நீண்டது. ஹெராயினுக்கு அடிமையானவர்கள் சொன்னது 9 நாட்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், புகைப்பவர்களின் கழிவு மிகச் செங்குத்தாக இருந்தது. புகைப்பதை விட்டவர்களுக்கும் ஒருநாளும் புகைக்காதவர்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. விட்டபின் ‘க’ இறங்குகிறதா, அல்லது இயல்பிலேயே ‘க’ குறைந்தவர்கள்தான் விடுகிறார்களா என்று அந்த ஒரு முடிவை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஆளிடமே ‘க’ ஏறி இறங்குவது வேறு சோதனைகளில் தெளிவாகத் தெரிந்தது. ஓபியாய்டு சிகிச்சையில் இருந்தவர்கள், மருந்தளவு தாமதமாகி லேசான விலகலில் இருந்தபோது, மருந்து கிடைத்த பிறகு இருந்ததைவிடக் கூடுதல் கழிவு போட்டார்கள். போதைப்பொருளுக்கு மட்டுமல்ல, பணத்துக்கும். மாலையில் உங்கள் உடலும் அதே லேசான விலகலில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கடன் பத்திரம் கையில் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள்.

சந்தோஷமே இல்லாமல் ஏன் குடிக்கிறீர்கள் என்பதற்கும் விடை இருக்கிறது. ஒன்றை அனுபவிப்பதும் ஒன்றை நாடுவதும் மூளையில் ஒரே வேலை அல்ல. 1993இல் ராபின்சன், பெரிட்ஜ் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. மீண்டும் மீண்டும் போதை ஏறும்போது நாட்டம் கூர்மையாகிக்கொண்டே போகிறது, இன்பமோ மங்குகிறது. மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் நாட்டத்தோடுதான் அதிகம் தொடர்புடையது. பழகிய பிறகு அது பரிசு வரும்போது பாய்வதைவிட, பரிசுக்கு முன்னால் வரும் அறிகுறிக்கே பாயும். கண்ணாடிக் கோப்பை, வீடு திரும்பும் வழி, சம்பளம் வந்த குறுஞ்செய்தி, கடிகாரத்தில் ஏழரை. ‘ஏன் குடிக்கிறாய், அதில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாததில் ஆச்சரியம் இல்லை. அதில் ஒன்றும் இல்லாமலே கால் அந்தப் பக்கம் போகும்.

இவ்வளவு சொன்னதும், ‘அப்படியானால் என் கையில் ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தவறு. 1990களில் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழுவினர் கொக்கெய்ன் பழக்கத்துக்குச் செய்த சிகிச்சையைப் பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் போதை இல்லை என்றால் உடனே ஒரு சிறு வவுச்சர். அடுத்தடுத்த சுத்தமான பரிசோதனைக்குத் தொகை ஏறும். ஒரு முறை தவறினால் ஆரம்பத் தொகைக்கே இறங்கும். வவுச்சர் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். அதே ஆலோசனையை வவுச்சர் இல்லாமல் பெற்றவர்களில் 40 சதவீதம். வேலை, குடும்பம், உடல்நலம் எல்லாம் போய்விடும் என்ற பயம் அசைக்காத மனிதரைச் சில டாலர் அசைத்தது ஏன்? அந்த இழப்புகள் எப்போதோ வருபவை, வரலாம் வராமலும் போகலாம். வவுச்சர் இன்றே வருகிறது, நிச்சயமாக வருகிறது. கல்லீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கும் இதுவே காரணம்.

எனவே மாலையில் மன உறுதியைத் தேடுவதை விடுங்கள். முடிவு எடுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துவது, இடையில் தூரத்தைப் போடுவது, ‘க’வை இறக்குவது என மூன்று வேலைகள் இருக்கின்றன. எதுவும் தனியாகப் போதாது, அதையும் அதே கணக்கில் பார்க்கலாம். வீட்டில் புட்டி இல்லை, வாங்கிவர ஒரு மணி நேரம் ஆகும் என்றால் குடியின் மதிப்பு 40 ÷ 1.2, அதாவது 33.3. நல்ல காலை 29.4. இன்னும் குடிதான் ஜெயிக்கிறது. ‘வீட்டில் வைப்பதை நிறுத்திப் பார்த்தேன், பயனில்லை’ என்று பலர் சொல்வது இதனால்தான். அதோடு, பசியையும் தூக்கக் குறைவையும் சரிசெய்து ‘க’ 0.15க்கு இறங்கியது என்று வையுங்கள். குடி 34.8, நல்ல காலை 35.7. நூலிழையில்தான் ஜெயிக்கிறது, ஆனாலும் ஜெயிக்கிறது.

முன்னால் நகர்த்துவதற்கு மிகத் தெளிவான கருவி மருந்து. டைசல்ஃபிராம் மாத்திரையைக் காலையில் விழுங்கினால், அன்று மாலை குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை இந்த எதிர்வினை வரலாம். காலையில் இருக்கும் நீங்கள் மாலையில் இருக்கும் உங்களுக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுகிறீர்கள். மனைவியின் முன்னால் விழுங்குவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டால் பலன் கூடும். ஆனால் கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழிய வேண்டும், கல்லீரலும் இதயமும் பரிசோதிக்கப்பட வேண்டும், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகூடக் கூடாது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் உணவில் இதைக் கலப்பது உயிரோடு விளையாடுவது. இதைப் படிக்கும் குடும்பத்தார் அதைச் செய்யவே கூடாது. நால்ட்ரெக்சோன் வேறு வகை. வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம். குடியின் 40ஐயே குறைக்கப் பார்க்கிறது. ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் நிறுத்தியபின் வரும் பதற்றத்தைத் தணிக்கும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எது உங்களுக்கு என்பதைப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவர் சொல்வார். கேட்காமல் வெளியே வராதீர்கள். இந்த மருந்துகள் தேவைப்படும் பலருக்கு யாரும் எழுதிக்கொடுப்பதே இல்லை.

மருந்துக்கு வெளியே, ஐந்து மணிக்கு முன் முடிந்திருக்க வேண்டியவை: அன்றைய தேவைக்கு மேல் பணம் கையில் இல்லாமல் இருப்பது, வீடு திரும்பும் வழி மாறியிருப்பது, ஏழு முதல் ஒன்பதரை வரை இன்னொரு மனிதரோடு ஓர் இடத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டிருப்பது. குடி மறந்தோர் கூட்டம் மாலையில் நடந்தால் அதற்கே போகலாம். வேறு பயன்கள் ஒருபுறம் இருக்க, அது அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நாலரை மணிக்குச் சோறோ சிற்றுண்டியோ வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பதும் முக்கியம். பசியும் தவிப்பும் உடலில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தோன்றும்.

‘குடிக்க மாட்டேன்’ என்பது திட்டமே அல்ல, அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் மூன்றே வரி எழுதுங்கள். ‘நண்பர் கூப்பிட்டால், மாத்திரையில் இருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைப்பேன்.’ ‘தவிப்பு வந்தால், செருப்பு மாட்டி வெளியே நடந்து, அரை மணி கழித்துத்தான் திரும்புவேன்.’ தவிப்பின் அலை பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணியும். ‘மனைவியோடு வாக்குவாதம் தொடங்கினால், நாளைக்குப் பேசுவோம் என்று சொல்லிக் குளிக்கப் போவேன்.’ பத்து வரி எழுதினால் ஒன்றும் நினைவுக்கு வராது.

ஒரு வகை முடிவுகளில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். குடியோடு சம்பந்தமே இல்லாததுபோல வருபவை அவை: விருந்தாளிக்காக ஒரு புட்டி வாங்கி வைப்பது, பழைய நண்பருக்குத் தர வேண்டிய பணத்தை நேரில் போய்க் கொடுப்பது, மனைவி ஊரில் இல்லாத வாரத்தில் விடுப்பு எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். குடிப்பதா வேண்டாமா என்ற முடிவு கோப்பையின் முன்னால் எடுக்கப்படுவது அரிது. அதற்கு மூன்று படி முன்னால், இப்படி ஒரு சாதாரண ஏற்பாட்டில் எடுக்கப்பட்டிருக்கும்.

‘க’வை இறக்க ஒரு பயிற்சி இருக்கிறது. வரப்போகும் குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைக் கண்முன் கொண்டுவந்து பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போது தாமதப் பரிசுக்குப் போடும் கழிவு குறைவது 2010 முதல் பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள். முறை இது. நான்கு தூரங்களுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சி எடுங்கள்: மூன்று நாள், இரண்டு வாரம், இரண்டு மாதம், ஓர் ஆண்டு. உண்மையில் நடக்கக்கூடியதாக, நீங்கள் விரும்புவதாக, நீங்களே அங்கே இருப்பதாக இருக்க வேண்டும். யார் உடன் இருக்கிறார்கள், என்ன பேச்சு, என்ன வாசனை, கையில் என்ன, மனத்தில் என்ன என்று நிகழ்காலத்தில் ஐந்தாறு வாக்கியம் எழுதி, உங்கள் குரலில் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். தினமும் நாலே முக்காலுக்கு ஒரு முறை, தவிப்பு வரும்போது ஒரு முறை கேளுங்கள்.

இது பிசகுவது பெரும்பாலும் எழுதும் இடத்தில்தான். ‘ஒரு வருடத்தில் நல்லபடியாக இருப்பேன்’ என்று எழுதுவார்கள். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மனம் அதற்கு விலை போடாது. மனைவிக்குப் பிடித்ததை எழுதுவார்கள், தங்களுக்குப் பிடித்ததை அல்ல. நோய், சாவு, அவமானம் என்று பயத்தை எழுதுவார்கள். பயம் பதற்றத்தைக் கூட்டும், பதற்றத்துக்கு நீங்கள் கற்றுவைத்திருக்கும் ஒரே மருந்து குடி. எல்லாவற்றையும் பத்தாண்டு தள்ளி வைப்பார்கள். முதல் மாதம் மூன்று நாள், இரண்டு வாரப் பதிவுகள்தான் வேலை செய்யும். வாரம் ஒரு முறை நிகழ்ச்சிகளை மாற்றுங்கள், நடந்து முடிந்ததை எடுத்துவிடுங்கள். இந்தப் பயிற்சி மட்டும் யாரையும் குடியை விட வைக்காது. மற்ற ஏற்பாடுகளோடு சேர்த்தால்தான் பலன்.

ஹிக்கின்ஸின் வவுச்சரையும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். குடிக்குச் செலவாகியிருக்கும் தொகையை அன்றன்றே தனிக் கணக்கில் போட்டு, ஏழு நாளுக்கு ஒரு முறை நீங்கள் விரும்பும் பொருளுக்குச் செலவு செய்யுங்கள். வீட்டுக் கடனில் கட்டாதீர்கள். பொறுப்பான யோசனைதான், ஆனால் அது இன்னொரு தூரத்துப் பரிசு. முதல் மூன்று மாதம் பரிசு கையில் படவேண்டும்.

சறுக்கினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். முதல் கோப்பை உள்ளே போனதும் மனத்தில் வரும் வாக்கியம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ‘எல்லாம் போச்சு, இனி என்ன.’ இரண்டாவது புட்டிக்குக் காரணம் மதுவைவிட அந்த வாக்கியம். எழுதிவைக்க வேண்டியவை: மீதியைக் கொட்டுவது, அந்த இடத்தை விட்டு எழுவது, பெயர் எழுதி வைத்த ஒருவரை அழைப்பது, சாப்பிட்டுப் படுப்பது, வண்டியைத் தொடாமல் இருப்பது, மறுநாளே மருத்துவரிடம் சொல்வது. பிறகு ஒரு தாளில், அதற்கு மூன்று படி முன்னால் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நாள் சறுக்கல் அதோடு நின்றால் அது தகவல்தான். பல நாள் தொடர்ந்துவிட்டால் மறுபடி தானாக நிறுத்தாமல் மருத்துவமனைக்கே போங்கள்; விலகல் ஆபத்து திரும்ப வந்திருக்கும்.

சொந்தத் தொழில் பற்றி. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. வேலையை விடுவதால் மனம் திசைதிரும்பாது, நாள் முழுவதும் காலியாகும். அதோடு, அந்த எண்ணம் எந்த நேரத்தில் வந்தது என்பதும் முக்கியம். உடல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலை எரிக்கும். நீண்ட காலம் குடிப்பவர்களுக்குச் சற்று வேகமாக எரியலாம். 110 கிராம் தீரப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். காலை ஏழு மணிக்கு எடுக்கும் முடிவையும் ரத்தத்தில் மிச்சமிருக்கும் மதுவோடுதான் எடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவதும் அப்படித்தான். நிறுத்திய முதல் வாரங்களிலோ தூக்கமும் கவனமும் கெட்டிருக்கும், அல்லது அதற்கு நேர்மாறாக எல்லாம் முடியும் என்ற துள்ளல் இருக்கும். இரண்டுமே கையெழுத்துப் போட உகந்தவை அல்ல. கவனமும் நினைவும் பெரும்பாலும் சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் தேறும். திட்டமிடுவதும் பல பக்கம் பார்த்து எடைபோடுவதும் மெல்லத்தான் வரும், ஓராண்டுகூட ஆகலாம்.

திரும்பப் பெறக்கூடிய முடிவுகளை எப்போதும்போல எடுங்கள். ராஜினாமா, பெரிய கடன், சொத்து விற்பனை, விவாகரத்து போன்று திரும்பப் பெற முடியாதவற்றுக்குக் குடி இல்லாத ஆறு மாதம் காத்திருங்கள். அதன் பிறகும், முற்பகலில், சாப்பிட்ட பிறகு, வாரம் ஒன்றாக மூன்று வாரம் அதே தாளில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் அலுவலகத்தில் பிறர் திட்டத்துக்குப் போடும் அதே படிவத்தில் உங்கள் தொழிலுக்கும் மதிப்பீடு போட்டு, அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். பரிசோதனையாகத் தொடங்குவதானால், வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் நடத்த முடிகிற அளவில் தொடங்குங்கள்.

மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். காலையில் உங்களிடம் சத்தியம் கேட்பதை அவர் நிறுத்திவிடலாம், அது உண்மையாகவே இருந்தும் பயன்படவில்லை. அதற்குப் பதில் மதியம் போனில் இரண்டு கேள்வி கேட்கட்டும்: மாத்திரை போட்டாயிற்றா? ஏழு மணிக்கு யாரோடு இருக்கிறீர்கள்? குடித்திருக்கும்போது எதையும் பேசித் தீர்க்க முயல வேண்டாம். பண நிர்வாகத்தை அவர் ஏற்பதானால், எவ்வளவு காலத்துக்கு, எந்தக் கணக்குகள் என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். இல்லையேல் ஒரே மாதத்தில் அதுவே சண்டையாகும். ஒன்றாம் தேதியைப் பொறுத்தவரை, அதைக் குடியை நிறுத்தும் நாளாக வைக்காதீர்கள். மருத்துவமனையில் சேர்க்கும் நாளை இன்று மாலை ஐந்து மணிக்கு முன் போனில் பேசி உறுதிசெய்யுங்கள். முடிந்தால் ஒன்றாம் தேதிக்கு முந்தைய நாளாகவே கேளுங்கள்.